முடிச்சுப் பக்கத்து இலங்கை

மச்சான்,

மகள் இன்று மருதமுனையிலிருந்து ஒரு புதுக் கைத்தறிச் சாரன் வாங்கிவந்து என் மடியில் வைத்தாள். கஞ்சி வாசம் மூக்கில் ஏறியதுமே உன் நினைவு வந்துவிட்டது. நான் சொல்லச் சொல்ல அவள்தான் இதை எழுதுகிறாள். நீ மௌத்தாகி மண்ணுக்குப் போய் இரண்டு நோன்பு மாதம் கடந்துவிட்டது. ஆனாலும் உன்னோடு கதைக்காமல் இருக்க முடியவில்லை.

ஐம்பதுகளில் கல்முனையில் நாம் படித்த கல்லூரியில் கண் தெரியாதவன் நான் ஒருவன்தான். ஐந்து வயதில் அம்மை கொண்டுபோன கண். நீ பாடத்தை வாசிப்பாய், நான் மனத்தில் ஏற்றிக்கொள்வேன். ஒரு நாள் அதிபர் கூப்பிட்டார். "பூமிசாஸ்திரத்துக்குப் படம் பார்க்க வேணும். உன்னால ஏலாது. சோதனைக்கு உன்ர பேரை அனுப்பமாட்டன்" என்றார். துணைக்கு நீ வந்திருந்தாய். நீ விடவில்லை.

"தடவிப் பாக்கிற படம் ஒண்டு செஞ்சு தந்தா, சேர்?"

அவர் சிரித்துவிட்டு இரண்டு கிழமை தவணை தந்தார்.

உன் அக்கா, நம் ராத்தா, வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் இலங்கையைத் தைத்துத் தந்தார். ஊருக்கு ஒரு முடிச்சு. நெசவுக்காரர் நீங்கள் எந்தத் துணியையும் புரட்டி, அடிப்பக்கத்தைத் தடவித்தான் தரம் சொல்வீர்கள். அதே பழக்கத்தில், முடிச்சுகள் துருத்தி நின்ற அடிப்பக்கத்தையே என் விரலுக்குக் கொடுத்துவிட்டாய். முடிச்சு முடிச்சாக மனனம் செய்த அவசரத்தில் திசையை நாம் இருவருமே நினைக்கவில்லை. நான் படித்தது இடம் வலம் மாறிய இலங்கை!

வெள்ளையில் வெள்ளை என்பதால் பக்கம் தெரியாமல், அதிபர் துணியை முடிச்சு மேலே இருக்க மேசையில் விரித்து, "கல்முனையைக் காட்டு" என்றார். என் விரல் இடப்பக்க ஓரத்தில் போய் நின்றது.

"அது மேற்குக் கரையெல்லோ!"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இல்ல சேர். விடியக்குள்ள எங்கட கடலப் பாத்து நிண்டா வெயில் முகத்துலதான் அடிக்கும். கடல் கிழக்குத்தான். துணிதான் பொறட்டிக் கிடக்கு."

நானே துணியைத் திருப்பிப் போட்டேன். தையல் லேசாகத்தான் தட்டுப்பட்டது. அக்கரைப்பற்று, கல்முனை, மட்டக்களப்பு, திருகோணமலை என்று கரையோரமாகவே முழு இலங்கையையும் சுற்றி வந்தேன். அவர் கேட்ட ஊர் ஒன்றும் தப்பவில்லை. பிறகு பேனா ஓடும் சத்தம். என் பெயரை எழுதியதோடு, நான் சொல்ல எழுத ஓர் ஆளும் கூடுதலாக ஒரு மணித்தியாலமும் வேண்டும் என்று அவரே கேட்டு எழுதினார். வெளியே வந்து நீ போட்ட கூச்சல் பஸ் நிலையம்வரை கேட்டிருக்கும்.

சோதனை முடிவு ஒட்டிய அன்று கூட்டத்தை இடித்துக்கொண்டு உள்ளே போனாய். ஓடிவந்து என்னைத் தூக்கிச் சுற்றினாய். "பாஸ் மச்சான், நீ பாஸ்!"

"ஒண்ட முடிவு?" என்று கேட்டேன்.

"அத இன்னம் பாக்கல்ல."

நீயும் பாஸ்தான் என்பது பிறகு தெரிந்தது. எத்தனையோ பேர் எனக்கு உதவியிருக்கிறார்கள், மச்சான். தன் பெயரைத் தேடுமுன் என் பெயரைத் தேடியவன் நீ ஒருவன்தான். இந்த வயதிலும் நான் தலைநிமிர்ந்து நடப்பது அந்தத் திமிரில்தான்.