டாக்டர் இழுத்துப் போட்ட நாற்காலி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும், இங்கேயும் சுகம் என்று எழுதப் பார்த்தேன், கை வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால் உன் அப்பா பக்கத்தை விட்டு நகர்வதில்லை.

அரசாங்கக் காப்பீட்டு அட்டை இப்போது எல்லார் வீட்டுக்கும் வந்துவிட்டது, நமக்கும் வந்தது. நல்லதுதான், எதிர்வீட்டுத் தையல்காரி அதனால்தான் பிழைத்து மறுபடி மிஷின் மிதிக்கிறாள். ஆனால் நம் தெருமுனை டாக்டர் இருக்கிறாரே, போன வருஷம் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனபோது தலையைக்கூட நிமிர்த்தாமல் "வெறும் வாயுப்பா, போ போ" என்று விரட்டியவர், நான் மறப்பேனா? அதே வலி, அதே இடம், போன வாரம் போனோம். வாசலிலேயே அட்டையை வாங்கிப் பார்த்தார்கள். உள்ளே போனால் அந்த மனுஷன் எழுந்து நின்று "வாங்க ஐயா, உக்காருங்க" என்று தன் கையால் நாற்காலியை இழுத்துப் போடுகிறார். இரத்தக்குழாய் அடைத்திருக்கிறதாம், உடனே அவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்து குழாய்க்குள் ஸ்டென்ட் என்று ஒரு கம்பிவலை வைக்க வேண்டுமாம். அன்றும் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைக்கவில்லை, இன்றும் வைக்கவில்லை. அன்று சொன்னது பொய்யா, இன்று சொன்னது பொய்யா?

பெரிய ஆஸ்பத்திரிக்கும் போய்ப் பார்த்தேன், அட்டை வந்ததிலிருந்து ஊரே அங்கேதான், வரிசை தெருவுக்கு வந்துவிட்டது. சீட்டு கொடுக்கும் பெண் "அடுத்த மாசக் கடைசிலதான் பாக்க முடியும் பாட்டி, நான் என்ன பண்ணட்டும்" என்றாள். அவள் மேல் கோபமில்லை, இருப்பதே ஒரு இதய டாக்டர். உன் சித்தப்பா "சும்மா கெடைக்குது, வேணாங்கிறீங்களே அண்ணி" என்கிறார். உனக்கு அம்மை போட்டிருந்தபோது வாசலோடு திரும்பிப் போனவர், இப்போது யோசனை சொல்ல வந்துவிட்டார். அப்பாவோ "பொறந்ததுலேர்ந்து எனக்கு எவன்டி நாற்காலி போட்டான்" என்று சிரித்துக்கொண்டு நாளைக் காலை அந்தத் தெருமுனை டாக்டரிடமே போய்ச் சேரப் பையைக் கட்டிவிட்டார். நான் தடுத்திருப்பேன். ஆனால் இப்போதெல்லாம் மாடிப்படியில் பாதியில் நின்றுவிடுகிறார், கேட்டால் ஜன்னலில் வேடிக்கை பார்த்தேன் என்கிறார். அந்தப் படியில் ஜன்னலே கிடையாதே, மகளே.

கூடவே போகிறேன். நெஞ்சைத் தொட்டுப் பார்க்காமல் உள்ளே கூட்டிப்போக விடமாட்டேன். இது உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும்.

மூன்று பேரும் நோய்நொடி அண்டாமல் நிறைந்து வாழுங்கள். பேரனை ஈரத்தலையோடு வெளியே விடாதே. படித்ததும் போன் பண்ணு. அப்பா எடுத்தால் இதைப் பற்றி மூச்சு விடாதே. நான் எடுத்தால், நானாகப் பேசும்வரை ஒன்றும் கேட்காதே.

உன் அம்மா