அப்பா மன்றத்தில் பேசினது

முருகன் துணை

புரோத்ராபூர்,
ஞாயிற்றுக்கிழமை

என் கண்ணு சங்கவிக்கு அம்மா எழுதுறது. நாங்க இங்க சுகம், நீ அங்க சுகமான்னு கேட்டுத்தான் ஆரம்பிக்கணும், ஆனா நீ சுகமா இல்லன்னு எனக்குத் தெரியும், இங்கயும் அப்படித்தான், அதனால அந்த வரியை இந்தத் தடவை தாண்டிப் போறேன். வேளைக்குச் சாப்பிடுறியா, தூங்குறியா, அதை மட்டும் சொல்லு, போதும். போன் போட்டா ரிங் போகுது, நீ எடுக்க மாட்டேங்குற. மெசேஜ் போட்டா நீலக் கோடு விழுது, அதை வச்சுத்தான் பிள்ளை உசிரோட இருக்குன்னு மனசைத் தேத்திக்கிறேன். என்னடி பிடிவாதம் இது, அப்பா மேல கோபம்னா அம்மா என்ன பண்ணினேன். எதிர்வீட்டு நளினி நர்சிங் பரீட்சைக்கு மெட்ராஸ் வர்றா, போனை எடுக்காதவ லெட்டரைக் கிழிச்சாப் போட்டுருவான்னு நளினி கையில இதைக் குடுத்து விடுறேன். கூட நெத்திலிக் கருவாடும் ரெண்டு பாட்டில் தேங்காண்ணெயும் இருக்கு. கருவாட்டை ரூம்ல வறுக்காத, பக்கத்து ரூம்காரங்க சண்டைக்கு வருவாங்க.

ஊர்ல விசேஷம் ஒண்ணும் இல்ல. தண்ணி மூணு நாளைக்கு ஒருக்கா விடுறான், அதுவும் நூல் மாதிரி. ரங்கத்துல உன் அத்தை மக மீனாவுக்குக் கல்யாணம், பத்திரிகை தபால்ல வந்துச்சு. தபால்ல பாத்துக்க, சொந்த அண்ணன் வீட்டுக்கு. பஸ் ஏறி வந்து வெத்தல பாக்கு வச்சு அழைக்க உன் அத்தைக்குக் கால் வலிக்குதாம். நான் போகப் போறதில்ல. இன்னொண்ணு கேளு, ஊர் பேரை மாத்தி ஸ்ரீ விஜயபுரம்னு ஆக்கி வருஷம் ஒண்ணுக்கு மேல ஆச்சு, பஸ்ல போர்ட், ஆபீஸ்ல போர்ட், எல்லாம் மாத்தியாச்சு, ஒருத்தரும் வாயைத் திறக்கல. நூத்தம்பது வருஷத்துக்கு மேல போர்ட் பிளேர்னு கூப்பிட்ட ஊரையே மாத்திக் கூப்பிட முடியுது இவங்களுக்கு, என் வயித்துல பிறந்த ஒத்தப் பிள்ளையோட பேரை மாத்திக் கூப்பிடத்தான் நாக்கு சுளுக்கிக்குது.

சரி, விஷயத்துக்கு வர்றேன். நீ வீடியோவைத்தான் பாத்திருப்ப, அதுக்கு முன்னாடி பின்னாடி என்ன நடந்துச்சுன்னு உனக்குத் தெரியாது. ஜனவரி இருபத்தாறுக்கு நம்ம ஏரியா பழைய பட்டாளத்துக்காரங்க மன்றத்துல வருஷா வருஷம் என்ன நடக்கும்னு உனக்குத் தெரியும், படையில இருக்கிற பிள்ளைங்களோட யூனிபார்ம் போட்டோவை அவங்கவங்க வீட்டுல இருந்து கொண்டுவந்து கொடிக்கம்பத்துக்குப் பக்கத்துல மேசையில வரிசையா வச்சு பூ வைப்பாங்க. ஆறு வருஷம் உன் போட்டோவும் அதுல இருந்துச்சு. படையை விட்டு வந்தவங்க, காயம்பட்டு வந்தவங்க போட்டோவைக்கூட மேசையில இருந்து எடுக்கிறது வழக்கமில்ல. இந்த வருஷம் செயலாளர் சொக்கலிங்கம் முந்தின நாளே ஆள் விட்டுச் சொன்னார், முத்துகிருஷ்ணன் வீட்டு போட்டோ வேண்டாம், நேவியில இருந்து நீக்கினதை எதிர்த்துப் போட்ட கேஸ் டிவியில எல்லாம் வந்துருச்சு, மன்றத்துல பேசி முடிவெடுத்துக்கலாம்னு. உங்கப்பா காலையில எந்திரிச்சு மீசையை முறுக்கி, மெடலைக் குத்திக்கிட்டு, உன் போட்டோவைத் துண்டுல சுத்தி எடுத்துக்கிட்டுக் கிளம்பினார். நானும் கூடப் போனேன்.

கொடி ஏத்தி முட்டாயி குடுத்ததும் பேச்சு ஆரம்பமாச்சு. சொக்கலிங்கம் கெட்ட மனுஷன் இல்ல, நீ பிறந்தப்ப ஆம்புலன்ஸ் இல்லாம என்னைத் தன் ஜீப்புல ஏத்திக்கிட்டுப் போனவர். அவர் சொன்னது, யாரையும் அவமானப்படுத்த இதைச் சொல்லல, கப்பல்ல ஒண்ணு மேல ஒண்ணா மூணு படுக்கை, ஒரே குளியலறை, மாசக்கணக்கா கடல், அங்க யார் எங்க படுக்கிறதுன்னு ஒரு ஒழுங்கு வேணும், வைத்தியம் மாத்திரைன்னு இருக்கிறவங்களைச் சண்டைக்கு நடுவுல எப்படிப் பாத்துக்கிறது, படைங்கிறது நாட்டைக் காக்க, மனுஷனோட உரிமையை நிரூபிக்க இல்லன்னார். பாதிப் பேர் தலையை ஆட்டினாங்க. அப்புறம் அந்த பெங்காலிப் பெரியவர் பிஸ்வாஸ் தாதா எந்திரிச்சார், அவர் பேசினது ஹிந்தியில, அரே பாய், பொம்பளைங்களைக் கப்பல்ல ஏத்தும்போதும் இதே பாத்ரூம் கதையைத்தானே சொன்னோம், இப்ப அவங்க கப்பல்ல இல்லையா, இன்ஜின் ஓடுதான்னு பாருங்க, ஓட்டுறது யாருன்னு எதுக்குப் பாக்குறீங்கன்னு கேட்டார். பின்னாடி ஒருத்தன் சிரிச்சான். யாருன்னு எனக்குத் தெரியும், இங்க எழுத மாட்டேன், எழுதினா என் பேனா நாறும். எனக்கும் கேள்வி இருந்துச்சு. ஆறு வருஷம் இன்ஜின் ரூம்ல வெந்த பிள்ளை, லீவு முடிஞ்சு புடவையில போய் நின்ன மறுநாள்ல இருந்து வேலை தெரியாதவளா ஆயிட்டாளான்னு கேக்கணும்னு தொண்டை வரைக்கும் வந்துச்சு. பொம்பளைங்க பேசுற வழக்கமில்ல அங்க. டீ டம்ளரைக் கையில வச்சுக்கிட்டு நின்னேன்.

அப்பத்தான் உங்கப்பா எந்திரிச்சார். துண்டை அவுத்து உன் போட்டோவைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சார். மீசையோட, தொப்பியோட, நீ இனிமே கண்ணுல காட்டாதீங்கன்னு கெஞ்சின அதே போட்டோ. பரேட்ல கத்துற குரல்ல பேசினார், என் பையன் ஸ்ரீதர் ஆறு வருஷம் சர்வீஸ் பண்ணினான், ஒரு ரிமார்க் கிடையாது, என் பையன் சிங்கம், யாரோ அவன் மனசைக் கலைச்சுட்டாங்க, இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு அது தெளியும், அவனை வெளிய தள்ளாதீங்க, சேத்துக்கிட்டா அவன் பழையபடி ஆயிருவான்னு. மன்றமே கை தட்டிச்சு. சொக்கலிங்கமே போட்டோவை வாங்கி மேசையில வச்சார். உன் கிட்ட பொய் சொல்ல மாட்டேன், அந்த நிமிஷம் எனக்கும் கண்ணுல தண்ணி வந்துச்சு. நீ போனதுல இருந்து உன்னைப் பத்தி வாயே திறக்காத மனுஷன் ஊரு நடுவுல உனக்காகக் கத்துறாரேன்னு. என்ன கத்தினார்னு வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் உறைச்சுது.

எவனோ அதை போன்ல எடுத்து அனுப்பி, அது சுத்திச் சுத்தி அங்க வந்துருச்சு. உன் வக்கீலம்மா மங்கையர்க்கரசி போன் பண்ணினாங்க. எதிர்த்தரப்பு அதைக் கோர்ட்டுல குடுத்துட்டாங்களாம், பெத்த தகப்பனே மனசு கலைஞ்சிருக்குன்னு சொல்றார், அப்படிப்பட்டவரை எப்படி ஆயுதம் இருக்கிற கப்பல்ல ஏத்துறதுன்னு கேக்குறாங்களாம். இதுவரைக்கும் நம்ம பக்கம் நல்லாப் போன கேஸும்மா, இப்ப என்ன ஆகும்னு சொல்லத் தெரியலன்னாங்க. ஸ்பீக்கர்ல போட்டுத்தான் கேட்டோம். நான் பிள்ளைக்காகத்தானே பேசினேன் இந்திராணின்னார் உங்கப்பா. நான் விடல. இல்லாத ஒருத்தனுக்காகப் பேசினீங்க, இருக்கிறவளைக் குழியில தள்ளிட்டீங்கன்னு சொல்லிட்டேன். சொல்லியிருக்கக் கூடாதோன்னு அப்புறம் பட்டுச்சு, ஆனா திருப்பி எடுத்துக்கல. அன்னைக்கு ராத்திரி ரெண்டு பேரும் சாப்பிடல. மறுநாள் அவர் மன்றத்துக்குப் போய் அங்க இருந்த போட்டோவைத் திருப்பி வாங்கிட்டு வந்தார். அது இப்ப பீரோவுல துணிக்கு அடியில இருக்கு. மன்றத்துப் பக்கமே போறதில்ல. உடம்பு பாதியா இளைச்சுட்டார், பிரஷர் மாத்திரையை நான் கையில வச்சாத்தான் போடுறார்.

அப்பாவே நேர்ல வந்து, அன்னைக்குப் பேசினது என் அறியாமை, இவ என் பொண்ணு, இவளுக்கு மனசு கலையலன்னு சொன்னா கொஞ்சம் உதவும், ஆனா ஜெயிச்சுரும்னு நினைச்சுக்காதீங்கன்னு வக்கீலம்மா அதே போன்லயே சொல்லியிருந்தாங்க. இதை நான் எப்படிக் கேக்குறதுன்னு ரெண்டு நாள் முழுங்கிக்கிட்டே இருந்தேன். நான் கேக்குறதுக்கு முன்னாடி அவரே ஹாடோ துறைமுகம் போய்ப் பத்தாம் தேதி மெட்ராஸ் கப்பலுக்கு ரெண்டு பங்க் கிளாஸ் டிக்கெட் போட்டுட்டு வந்து சாமி படத்துக்கிட்ட வச்சார். என்னங்கன்னேன். வர்றேன், ஆனா வாய்க்கு வர மாட்டேங்குது, கோர்ட்டுல வச்சு மறுபடியும் தப்பாச் சொல்லிட்டா அவ்வளவுதான்னார். நேத்து காலையில கோழிக்குத் தீனி போடப் பின்பக்கம் போனேன். பாக்கு மரத்துக்கிட்ட அட்டென்ஷன்ல நிக்கிறார், நான் வந்ததைப் பாக்கல. என் பேர் முத்துகிருஷ்ணன், ரிட்டயர்டு ஹவில்தார், இதுன்னு கையை ஒரு பக்கம் நீட்டி, என் பையன்னார். நிறுத்தினார். தனக்குத்தானே ஜைசே தே, முன்ன இருந்தபடியேன்னு ஹிந்தியில ஆர்டர் போட்டுக்கிட்டார். உனக்கு ஞாபகம் இருக்கும், நீ சின்னதா இருக்கையில முற்றத்துல உனக்கு டிரில் சொல்லிக் குடுப்பாரே, கால் தப்பா வச்சா ஜைசே தேன்னு கத்துவார், நீ பழைய இடத்துக்கே போய் நின்னு மறுபடி முதல்ல இருந்து செய்யணும். அதே மாதிரி அவரும் முதல்ல இருந்து ஆரம்பிச்சார். மறுபடியும் பையன்னுதான் வந்துச்சு. மூணாவது தடவை ஒண்ணுமே வரல, சும்மா நின்னார். நான் தீனியை அங்கயே கொட்டிட்டு அடுப்படிக்கு வந்து வாயைப் பொத்திக்கிட்டு அழுதேன். மத்தியானம் சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே, என் மூஞ்சியைப் பாக்காம, கப்பல் மூணு நாள் ஓடுமில்ல, அதுக்குள்ள வந்துரும், நீ கூட இருந்து திருத்துன்னார்.

வருமா வராதான்னு எனக்குத் தெரியல சங்கவி. எங்க ரெண்டு பேர் மேலயும் உனக்கு என்ன கோபம் இருந்தாலும் சரி, டாக்டர் குடுத்த மாத்திரையை வெறும் வயித்துல போடாத, டிவியில உன்னைப் பத்திப் பேசுறதை உக்காந்து பாக்காத, எவனோ கீழ எழுதுறதை எல்லாம் படிக்காத. வெற்றிமலை முருகன் உன்னைக் கைவிட மாட்டான். நீ எந்த உடுப்பு போட்டாலும், போடாட்டியும், தலை நிமிந்து நூறு வருஷம் இருக்கணும், இது பெத்தவளோட ஆசீர்வாதம். பதிமூணாம் தேதி மெட்ராஸ் துறைமுக வாசலுக்கு வந்துரு. உன்னைப் பாத்ததும் அவருக்குப் பழைய பேர்தான் வாயில வரும், எனக்கு இப்பவே தெரியும். திரும்பிப் போயிராத தாயி. அங்கயே நின்னு, ஜைசே தேன்னு சொல்லு. மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிப்பார்.

உன் வரவை வாசல்ல தேடப் போற
அம்மா,
மு. இந்திராணி