பெரணிக்கு ஓர் ஈரத்துண்டு

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன். என் அறையில் இருக்கும் பெரணிச்செடிதான் கருகுகிறது. இங்கே குளிருக்கு ஹீட்டர் ஓடுவதால் காற்றில் ஈரமே இல்லை. தண்ணீர் தெளித்தேன். ஆவி படட்டும் என்று குளிக்கும்போது குளியலறைக்கும் தூக்கிப் போனேன்.

"அதுக்குத் தலை துவட்டி விட்டியாடி?" என்று பக்கத்து அறை நர்ஸ் அக்கா சிரித்தார். பிறகு இலையைத் தொட்டுப் பார்த்து, "நாலு பேர் மூச்சு விடுற வீட்லதான் இது பொழைக்கும். உன் ரூமுக்கு யாரு வர்றா?" என்றார்.

ஒரே ஒரு குருத்துதான் மிச்சம். வேலை முடிந்து வந்து கதவைத் திறக்கவே பயமாக இருக்கிறது.

பக்கத்தில் ஈரத்துணி தொங்கவிட வேண்டுமாம். நீங்கள் தோளில் போடும் பழைய துண்டை அனுப்புங்கள். எப்படியும் நனைக்கத்தான் போகிறேன், துவைக்காமலே அனுப்புங்கள்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்