உங்கள் மகனை நான் அடிக்கிறேன், அத்தை

அன்பு குறையாத என் அத்தைக்கு,

யாராவது வந்து வத்தி வைப்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். ஞாயிறு தவறாமல் உங்கள் மகனின் தலையில் மூங்கில் வாளால் அடிக்கிறேன். அவரும் தலையைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்.

கெண்டோ என்று ஜப்பான்காரர்களின் வாள்சண்டை. பீளமேட்டில் ஒரு ஷட்டில் கோர்ட்டில் சொல்லித் தருகிறார்கள். எல்லாம் உங்கள் மகனுக்காகத்தான். நீங்கள் போன அன்று பந்தல்காரரிடம் பேசினார், வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டார், சொந்தக்காரர்களை பஸ் ஏற்றிவிட்டார். அழவே இல்லை. அதற்குப் பிறகும் உங்கள் பேச்சை எடுத்தாலே எழுந்து லேத் பட்டறைக்குப் போய்விடுவார். இப்படியே அடக்கி வைத்தால் மனுஷன் என்னத்துக்கு ஆவார்? எனக்குப் பயமாகிவிட்டது. அங்கே கத்தவிடுவார்களாம், அப்பா கொஞ்சம் கத்தட்டும் என்று உங்கள் பேத்திதான் எங்கள் இருவரையும் சேர்த்துவிட்டாள்.

முதல் ஆறு மாதம் பாதத்தைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தோம். கோர்ட்டைப் பெருக்க ஆளே தேவைப்படவில்லை. பிறகு கவசம் கொடுத்தார்கள். முகத்துக்குக் கம்பி போட்ட மூடி, கைக்குத் தலையணை மாதிரி உறை. தலையில் அடிக்கும்போது ‘மென்’ என்று அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். அடி, கால், குரல் மூன்றும் ஒன்றாக விழுந்தால்தான் கணக்கு.

கத்துவதா, நானா? இருபத்திரண்டு வருடத்தில் உங்கள் மகனை ‘ஏனுங்க’ என்பதற்கு மேல் கூப்பிட்டதில்லை. ஒவ்வொரு அடிக்கும் நின்று, “வலிச்சுதுங்களா?” என்று கேட்டேன். அவரும் நின்று, இல்லை, உனக்குக் கை வலிக்கிறதா என்று விசாரிப்பார். பின்னால் எட்டுப் பேர் வரிசையில் காத்திருந்தார்கள். சொல்லித் தரும் பெண்ணுக்கு உங்கள் பேத்தியைவிட நாலு வயது கூட இருந்தால் அதிகம். “அக்கா, நலம் விசாரிக்கறத ஊட்டுக்குப் போயி வெச்சுக்கலாமுங்க. இங்க கத்துங்க” என்றாள்.

போன ஞாயிறு அடிப்பது அவர் முறை. என் தலையில் ஈ ஓட்டுகிற மாதிரி தட்டினார். கணக்கில் வராது என்றாள் அந்தப் பெண். மறுபடி தட்டினார், அதுவும் வராது என்றாள். மூன்றாவது முறை ரோஷம் வந்து பாய்ந்தார். அடி விழுந்தது, கால் விழுந்தது, குரலும் வந்தது. ஆனால் வந்தது ‘மென்’ இல்லை.

“அம்மா” என்று கத்தினார், அத்தை.

எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். கம்பிக்குப் பின்னால் அவர் முகமெல்லாம் கண்ணீர். துடைக்கப் போய் உறையால் கம்பியில் இடித்துக்கொண்டார். நான் துடைத்துவிடப் போய் நானும் இடித்தேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. அந்தப் பெண் கிட்டே வந்து மெதுவாகச் சொன்னாள்: “அண்ணா, இது கணக்குல வருதுங்க.”

திரும்பும் வழியெல்லாம் உங்கள் பேச்சுதான். நீங்கள் விளக்குமாற்றோடு அவரைத் தெருக்கோடி வரை துரத்திய கதையை முடிக்கும்வரை, கணபதியில் நம் வீட்டு வாசலுக்கு வந்தும் வண்டியை விட்டு இறங்கவில்லை. அன்று என்ன தப்புச் செய்தார் என்பதை மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறார். உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா?

அவர் இதே கதையை நூறு முறை சொன்னாலும் புதிதாய்க் கேட்பது போலவே கேட்பேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் மருமகள்,
செல்வி