இன்னொரு கை

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

துபாய்க்குக் கடிதம் வந்து சேர நாளாகும் என்று முன்கூட்டியே எழுதுகிறேன். தை பிறந்ததும் உன் மனைவி மறுபடி சிதம்பரத்தில் நர்ஸ் வேலைக்குச் சேருகிறாள்.

முன்பெல்லாம் திருப்பாதிரிப்புலியூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, மடிப்புக் கலையாத வெள்ளைப் புடவையில் அவள் நடந்து வந்தால், "சிஸ்டர் வராங்க" என்று கடைக்காரர்கள் வழிவிடுவார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும். வளைகாப்பன்று உன் அத்தை பட்டம்மாள், "ஊரான் மூத்திரம் எடுக்குற கைக்கு வளையல் ஒண்ணு கேடா?" என்றாள். நீயும் சிரித்தாய். அதோடு அவள் வேலையை விட்டாள். ஏழு வருஷம் ஆகியும் யார் யார் சிரித்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

இப்போது மறுபடி சேர வேண்டும் என்றதும், "கை மறந்துபோச்சு அத்தை" என்று என்னிடம் சொல்லிப் பயந்துகொண்டிருந்தாள். சர்க்கரை பார்க்க எனக்கு ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. "நீயே எடு" என்று கையை நீட்டினேன். முதல் குத்தில் நரம்பு கிடைக்கவில்லை. அழுதாள். "அழுவாத, இன்னொரு கை இருக்குதுல்ல" என்றேன். அதில் கிடைத்தது. வெகுநாள் கழித்து அவள் சிரித்துப் பார்த்தேன்.

பிள்ளையை யார் பார்ப்பது என்று அவளிடம் கேட்டாயாம். உன்னைப் பார்த்தவள்தான் பார்ப்பாள். இது கிடைத்ததும் அவளுக்குப் போன் செய்து, "போய்ட்டு வா" என்று மட்டும் சொல். வேறு ஏதாவது சொல்வதாக இருந்தால் என்னைக் கூப்பிடு.

உன்னைப் பெற்றவள்