அக்கரையில் நின்று அழுதவன்

பிஷ்கெக்,
12 ஜனவரி 2004

அன்புள்ள புருல் அக்காவுக்கு,

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன், அத்தான் காதில் போட்டுவிடாதே. சபையில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கிறேன் அல்லவா? போன வாரம் தாய் தகப்பனைக் கனம் பண்ணும் கட்டளை. வாய் சும்மா இருக்காமல், கிர்கீஸ் பிள்ளை என்றால் ஏழு தலைமுறைத் தகப்பன்மார் பெயரும் தெரிய வேண்டும் என்று நம் வம்சத்தை ஒப்பிக்க ஆரம்பித்தேன். ஐந்தாவது பெயர் வரவில்லை. நம் பழைய குதிரையின் பெயரைச் சொல்லிச் சமாளித்தேன். இப்போது என் மகள் அயானா தினமும் தோரு தாத்தாவுக்காகக் கர்த்தருக்கு நன்றி சொல்கிறாள்.

அப்பாவிடம் சரியான பெயரைக் கேட்டு எழுது. அவர் இருமல் எப்படி இருக்கிறது? நான் ஞானஸ்நானம் எடுத்து, அவர் என்னை விரட்டி, ஒன்பது வருடமாகிறது. எனக்கு வேறொன்றும் வேண்டாம். அவர் போகும் நாளில், நம் வழக்கப்படி உடலைக் கிடத்தும் கூடாரத்துக்கு வெளியே கோல் ஊன்றி நின்று அழ, மூத்த மகனின் இடம் மட்டும் வேண்டும்.

உன் தறுதலைத் தம்பி,
எர்மெக்

கோக்-தெரெக்,
19 ஜனவரி

அன்புத் தம்பிக்கு,

குதிரைக் கதையைக் கேட்டு அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலாகித் துணியில் ரத்தம் வந்தது. மூச்சு திரும்பியதும் சொன்னார்: "அவன் என் வாசல்ல வந்து நிக்க வேண்டாம். அதுக்காக அவன் பிள்ளை பாட்டன் பேரைத் தப்பா சொல்லலாமா? போரன்பைன்னு எழுது." எழுதிவிட்டேன்.

பக்கத்து வீட்டுத் தோரோன்பெக் பெரியவர், தானும் படுக்கையில் கிடந்துகொண்டே ஆளனுப்பிச் சொன்னார்: "மதம் மாறினவன் கோல் புடிச்சான்னா, உங்கப்பனுக்கு ஊர் இடுகாட்டுல ஒரு முழம் மண்ணு கிடையாது." நான் என்னடா செய்ய?

புருல்

பிஷ்கெக்,
26 ஜனவரி

அக்கா,

போரன்பை தாத்தாவுக்கு என் வந்தனம். தோரு ஓய்வு பெற்றுவிட்டது.

வாசல் வேண்டாம். ஆற்றுக்கு அக்கரையில் நிற்கிறேன். அங்கே மாடுகளிடம் அனுமதி வாங்கினால் போதும். நம்பிக்கை உள்ளவன் ஓலமிட்டு அழலாமா என்று எங்கள் போதகர் கேட்கிறார். அவருக்குத் தகப்பன் உயிரோடு இருக்கிறார், கேட்பார்.

சேதி மட்டும் உடனே அனுப்பு. கெஞ்சிக் கேட்கிறேன்.

எர்மெக்

பிஷ்கெக்,
14 பிப்ரவரி

அக்கா,

நீ சேதி அனுப்பவில்லை. வியாழன் சாயங்காலம் இங்கே வந்த நம் ஊர் வேன் ஓட்டுநர்தான் சொன்னார், "உங்க தெருவுல கூடாரம் போட்டிருக்கு, பெரியவர் போயிட்டார்" என்று. அதே வேனில் ஏறினேன்.

வெள்ளி காலை அக்கரையில் இறங்கினேன். பனிமூட்டத்தில் நம் வீட்டு நீலக் கூரையும் பக்கத்தில் கூடாரமும் மட்டுமே தெரிந்தன. ஆற்றோர மரத்தில் ஒரு கொம்பை ஒடித்து ஊன்றி, "என் அப்பாவே, என் மலையே" என்று அழுதேன். தொப்பையும் காதுமூடித் தொப்பியுமாக நான் போட்ட சத்தத்தில் மாடுகள் ஓடிவிட்டன. குரல் போகும்வரை அழுதேன். வாசலில் நின்ற ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள், ஒருவரும் விரட்டவில்லை.

என் கடமையைச் செய்துவிட்டேன் அக்கா. உன்மேல் எனக்குக் கோபமில்லை.

எர்மெக்

கோக்-தெரெக்,
20 பிப்ரவரி

தம்பி,

சேதி அனுப்பாதது என் குற்றம்தான். அப்பாவுக்கு மண் கிடைக்காமல் போய்விடுமோ என்று பயந்தேன். அவர் எட்டாம் தேதி போனார். செவ்வாய்க்கிழமை அடக்கம். கோல் ஊன்றச் சித்தப்பா மகனை நிறுத்தினோம். புதன்கிழமை கூடாரத்தைப் பிரித்துவிட்டோம்.

தோரோன்பெக் பெரியவர் வியாழன் விடிகாலை போனார். அவர் பிள்ளைகள் என்னிடம் கேட்கிறார்கள்: "அக்கரையில நின்னு அப்படி அழுதது யாரு? பெத்த பிள்ளைங்க எங்களுக்கே அந்த அழுகை வரலையே."

நம் கூரைக்குச் சிவப்புச் சாயம் அடித்து நாலு வருடம் ஆகிறது.

புருல்