லேபிள் ஒட்டாத கேன்

மார்ச் 4
வெயில். காற்றே இல்லை. குழாயும் இல்லை. இந்த அந்தமான் கராச்சர்மாவில் தண்ணீர் மூன்று நாளுக்கு ஒரு முறைதான்.

கல்குவாரிக் கழிவுச் சேறு: அலசி, காயவைத்து, வறுத்து, சாயத் தண்ணீரை வடிகட்டிப் பார்க்க டிரம்மில் நிரப்பியாயிற்று. பக்கத்து வீட்டு மித்து தீதி ஹேவ்லாக் தீவுக் கடைகளுக்கு டி-ஷர்ட் சாயம் போடுகிறவர். அவருடைய நீலக் கழிவுநீரை மேலே ஊற்றினேன். கீழே நிறமே இல்லாமல் வந்தது! தீதி கைதட்டினார்: "அரே, ஏக்தம் சாஃப்!" சுத்தமோ சுத்தமாம். காலிக் குடிதண்ணீர் கேனில் பிடித்தேன். கல்லூரி கெமிஸ்ட்ரி சாருக்குக் காட்ட. இப்போதைக்குச் சமையலறை வாசலில்.

மார்ச் 5
கல்லூரியில் பியூரெட் இரண்டு உடைந்தது. தேங்காய் வாங்க மறந்தேன்.

வீட்டுக்கு வந்தால் கேனில் பாதி இல்லை. செல்வி ரசம் வைத்தாளாம். இரண்டு டம்ளர் குடித்தாளாம். ஏழு மாதம் அவளுக்கு. பிரசவத்துக்கு அக்கா வீடு என்று நம்பி வந்தவள்.

"நல்ல தண்ணிதானேக்கா? கண்ணாடியாட்டம் இருந்துச்சே."

"ஆமா" என்றேன். பாவி, ஏன் அப்படிச் சொன்னேன்?

போனது நிறம்தான். சேற்றிலிருந்து ஈயம், குரோமியம் ஏதாவது இறங்கியிருந்தால்? சோதிக்கவே இல்லை. கல்லூரியில் வெறும் தண்ணீர் பாட்டிலுக்கும் லேபிள் ஒட்டுகிற லேப் அசிஸ்டென்ட் நான்.

மார்ச் 6
சாரிடம் சொன்னேன். திட்டவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. "அந்த டெஸ்ட் இங்க ஆகாதும்மா. மெயின்லேண்டுக்கு அனுப்பணும்." மீதித் தண்ணீர் விமானத்தில் போயிற்று.

செல்விக்கு வாந்தி. மீன் ஒத்துக்கொள்ளவில்லையாம்.

மார்ச் 9
மேகமூட்டம். குழாய் வந்தது. குழந்தை அசைகிறதா என்று காலையிலிருந்து நாலு தடவை கேட்டுவிட்டேன்.

"என்னக்கா நைநைன்னு?"

சொல்லிவிட்டேன். எல்லாம். கத்தியிருந்தால் தேவலை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அன்னிக்கே கேட்டேனே. ஆமான்னியே."

டாக்டரிடம் போனோம். குழந்தை நன்றாக இருக்கிறது, ரிப்போர்ட் வரட்டும் என்றார். திரும்பும்போது பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்தாள்.

மார்ச் 14
ரிப்போர்ட். ஈயம் இல்லை. குரோமியம் இல்லை. சாயமும் இல்லை. முருகா! பாத்ரூமில் போய் அழுதேன். சார் போனில், "ஜெயிச்சுட்டோம்மா!"

செல்வியிடம் காட்டினேன். "சரி" என்றாள்.

மாத்திரை வேளை. குழாய்த் தண்ணீர்தான், கொதிக்கவைத்து ஆறவைத்தது. டம்ளரை நீட்டினேன். வாங்கவில்லை.

"நீ மொதல்ல குடி."

குடித்தேன். விழுங்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.